ஏட்டம்மா கட்டாத வரி

வருமான வரிக்காரர்கள் சங்கரேஸ்வரியின் வங்கிக் கணக்கில் முப்பத்தெட்டாயிரத்துச் சொச்சம் ரூபாயைப் போட்ட நேரத்தில், அவள் குற்றாலம் மெயினருவியில் பெண்கள் பக்கம் கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு ஒரு மாமியாரையும் மருமகளையும் விலக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். மதுரைக்காரர்கள். மருமகள் நின்ற இடத்தில் தண்ணீர் கொட்டுகிறதாம், மாமியாருக்குத் தூறல்தான் கிடைக்கிறதாம். "ரெண்டு பேருக்கும் ஒரே மலையில இருந்துதாம்மா வருது. நவுந்து நில்லுங்க" என்று விசிலை ஊதினாள். "போலீசும் மருமக கச்சிதான்" என்று மாமியார் சேலையைப் பிழிந்தாள். இந்த மாதிரிப் பேச்சுக்குப் பதில் சொல்வதைச் சங்கரேஸ்வரி விட்டு நாலைந்து சீசன் ஆகிவிட்டது.

அவளுக்கு வயது ஐம்பது. போலீசில் சேர்ந்து இருபத்தாறு வருடம், இப்போது ஏட்டு. அதில் பத்தொன்பது சீசனை அருவிக்கரையில் நின்றே கழித்திருக்கிறாள். அருவிக்கு முன்னால் கட்டியிருக்கும் ஆர்ச்சைத் தண்ணீர் தொட்டு விழுந்தால் எல்லோரையும் வெளியேற்ற வேண்டும், குறைந்தால் உள்ளே விட வேண்டும். தலை வழிய எண்ணெய் தேய்த்து வருகிறவளைத் திருப்பி அனுப்ப வேண்டும். கம்மலைத் தொலைத்துவிட்டு அழுகிறவளோடு சேர்ந்து குனிந்து தேட வேண்டும். குற்றாலத்துத் தண்ணீர் பட்டால் தீராத நோயும் தீரும் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். குளித்துவிட்டு வண்டியேறிப் போகிறவர்களுக்குத் தீரலாம். எட்டு மணி நேரம் அதில் நிற்கிறவளின் காலை ஒருமுறை பார்த்துவிட்டு அவர்கள் அதைச் சொன்னால் நன்றாக இருக்கும்.

காலில் விரலிடுக்கு முழுவதும் சேற்றுப்புண். அதுகூடப் பரவாயில்லை, களிம்பு போட்டால் அடங்கும். முழங்காலுக்குக் கீழே நரம்பு சுருண்டு புடைத்துக்கொண்டு நின்றதுதான் பெரிய தொல்லை. ராத்திரி படுத்தால் கால் தனியாகத் துடித்துக்கொண்டு கிடக்கும். அவளுடைய மகள் முத்துலட்சுமி தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் போன வருடமே டாக்டரிடம் கூட்டிப்போய்க் காட்டிவிட்டாள். லேசர் வைத்தால் சரியாகும், இன்சூரன்சில் பாதிதான் வரும், மீதி முப்பத்தைந்தாயிரம் கையிலிருந்து வேண்டும் என்றார் டாக்டர். "பாப்போம்" என்று சங்கரேஸ்வரி எழுந்து வந்துவிட்டாள். அந்தப் பாப்போம் ஒரு வருடமாகப் பார்த்துக்கொண்டே இருந்தது.

மத்தியானம் இரண்டு மணிக்கு ஷிப்டு முடிந்து, பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து போனை எடுத்தபோதுதான் மெசேஜைப் பார்த்தாள். ஊரை ஏமாற்றுகிறவன் எவனோ போலீஸ்காரிக்கே தூண்டில் போடுகிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு சமீனாவுக்குப் போன் போட்டாள்.

சமீனா தென்காசியில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிற பெண். ஸ்டேஷனில் பாதிப் பேருக்கு வருமான வரிக் கணக்கு அவள்தான் போட்டுக் கொடுப்பாள். பன்னிரண்டு லட்சம் வரைக்கும் வரி இல்லை என்று அரசாங்கம் சொன்ன பிறகும் சங்கரேஸ்வரியின் சம்பளத்தில் வருடம் முழுக்கப் பிடித்திருக்கிறார்கள். தப்பு அவளுடையதுதான். பழைய திட்டமா, புதிய திட்டமா என்று கேட்டு ஒரு காகிதம் வந்தது. பஸ் ஸ்டாண்டு பந்தோபஸ்தில் நின்றுகொண்டே, பழக்கப்பட்டது இருக்கட்டும் என்று பழைய திட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்தைப் போட்டுவிட்டாள். ஜூன் மாதம் சமீனாதான் அதைக் கண்டுபிடித்து, புதிய திட்டத்தில் கணக்கைப் போட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்டாள்.

"வந்துட்டாக்கா?" என்றாள் சமீனா. "நான் சொன்னம்லா? நீங்க கட்டவே வேண்டாத வரி அது. வட்டியும் சேத்துப் போட்டிருப்பாங்க பாருங்க."

"வட்டியுமா?"

"ஒங்க ரூவாய அவங்க வச்சிருந்தாங்கல்லாக்கா. அதுக்கு வட்டி."

அருவிக்கரைக் கடையில் ஒரு டீயை வாங்கி வைத்துக்கொண்டு சங்கரேஸ்வரி அந்த மெசேஜை மறுபடியும் வாசித்தாள். தன்னிடமிருந்து போன ஒன்று திரும்பி வந்தது அவள் ஆயுசில் இதுதான் முதல் தடவை. சந்தோஷம் வந்திருக்க வேண்டும். அசதிதான் வந்தது. ஏனென்றால் இந்த ரூபாயை என்ன செய்ய வேண்டும் என்பது மகளுக்கு ஒரு மாதிரியும் அவளுக்கு வேறு மாதிரியும் முன்னாலேயே முடிவாகியிருந்தது.

மகளுக்குக் கால். அவளுக்குக் கோயில்.

கோயில் என்றால் புருஷன் வீட்டுக் குலதெய்வம், இலத்தூர்ப் பக்கம் குளத்தங்கரையில் இருக்கும் சுடலைமாடன். வருஷா வருஷம் ஆடிக் கடைசி வெள்ளிக்குக் கொடை, ஊர் கூடிச் சாமிக்கு எடுக்கும் விழா. கொடைச் செலவுக்கு வீட்டுக்கு வீடு தலைக்கட்டு வரி போடுவார்கள். கல்யாணமான ஒவ்வொரு ஆம்பளையும் ஒரு தலைக்கட்டு. கொடை முடிந்ததும் மைக்கில் வரிதாரர் பெயரை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். பெயருக்குரியவர் முன்னால் போய்த் துண்டை விரித்து ஆட்டுக்கறிப் பங்கையும் தேங்காயையும் பழத்தையும் வாங்கிக்கொள்வார். எந்த வீடு வீடாக இருக்கிறது என்று ஊருக்குத் தெரிகிற இடம் அது.

சங்கரேஸ்வரியின் புருஷன் முத்துராமலிங்கம் செங்கோட்டை வழியாகக் கேரளாவுக்கு வைக்கோல் லாரி ஓட்டியவன். பதினொரு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் புனலூருக்குப் போன லோடு இறங்கியது, லாரி திரும்பியது, அவன் திரும்பவில்லை. அங்கேயே ஒரு குடும்பம் ஆகிவிட்டது. அவன் சாகவும் இல்லை, தீர்த்துக்கொண்டு போகவும் இல்லை. செங்கோட்டைச் சந்தையில் பார்த்தேன், நரைத்துவிட்டான் என்று யாராவது வந்து சொல்வார்கள். மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோதும், நர்சிங் சேர்ந்தபோதும், டெங்கு வந்து கிடந்தபோதும் ஒரு போன் வந்ததில்லை. மகளிர் ஸ்டேஷனில் இருந்த காலத்தில் அடுத்தவளுடைய புருஷன்மார் எத்தனையோ பேரைப் பிடித்து வந்து பெஞ்சில் உட்கார வைத்தவள் சங்கரேஸ்வரி. தன் விஷயத்துக்கு ஒரு மனு எழுத அவளுக்குக் கை வரவில்லை. வெட்கமாக இருந்தது. ஆறிய பிறகு எழுதலாம் என்று இருந்தாள், ஆறிய பிறகு அலுப்பாக இருந்தது.

போன ஆடிக் கொடைக்கு அவளைப் பந்தோபஸ்துக்கே போட்டுவிட்டார்கள். யூனிபாரத்தோடு ஆலமரத்துப் பக்கம் நின்றாள். மைக்கில் பெயர் வாசித்தார்கள். "முத்துராமலிங்கம், பங்கு ஒண்ணு!" என்றது மைக். அவன் தம்பி பலவேசம் போய்த் துண்டை விரித்தார். அவள் நிற்கிற இடத்தைக் கடந்துதான் அந்தப் பங்கு போனது. "மைனி, வெயில்ல நிக்கிய, மோரு குடிச்சியளா?" என்று வேறு கேட்டார். ஓடிப்போனவன் ஒரு தலைக்கட்டு. வீட்டைக் கட்டிக் காத்து, பிள்ளையை ஆளாக்கினவள் மோர் குடிக்கிற போலீஸ். அன்றிலிருந்து சங்கரேஸ்வரிக்கு ஒரே ஒரு ஆசை. அந்த மைக்கில் ஒருமுறை தன் பெயரைக் கேட்க வேண்டும்.

இந்த வருடம் கோயிலுக்கு முன்னால் தகரக் கொட்டகை போடுகிறார்கள் என்று வரியைப் பதினைந்தாயிரமாக்கியிருந்தார்கள். வழக்கம்போலக் காணிக்கை வாங்கவும், மைக்செட்டுக்கு அனுமதி விஷயமாகக் கேட்கவும் பலவேசம் வீட்டுக்கு வந்தபோது, "நான் தலைவர நேர்ல பாக்கணும் தம்பி" என்றாள் சங்கரேஸ்வரி.

"எதுக்கு மைனி?"

"எம் பேருல வரி கட்டப் போறேன்."

பலவேசம் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

கோயில் தலைவர் சங்கிலிப்பாண்டி பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். மறுநாள் மத்தியானம் டியூட்டி முடித்து, ஷூவுக்குள் தண்ணீர் சளக் சளக்கென்று சத்தம் போட, சங்கரேஸ்வரி அவர் வீட்டுக்குப் போனாள். பலவேசம் அங்கே முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார்.

"ஒம் பேருலயா?" என்றார் சங்கிலிப்பாண்டி. "அப்படி வழக்கம் இல்லையேம்மா."

"வள்ளித்தாய் அக்கா பேரு இருக்குல்லா அண்ணாச்சி?"

"அவ புருசன் செத்துப்போனாம்லா. அப்படின்னா பொம்பளைக்கு அரைத் தலைக்கட்டு உண்டு, அரை வரி. ஒனக்கு அந்தக் கணக்கும் வராதே. முத்துராமலிங்கம் உசுரோடல்லா இருக்கான்."

"எங்கன இருக்காவ?"

"ஆளு எங்கன இருந்தா என்ன தாயி? பேரு இங்கன இருக்கு."

"பதினோரு வருசமா எட்டிப் பாக்காதவுக பேரு எப்படி அண்ணாச்சி இருக்கும்?"

சங்கிலிப்பாண்டி எழுந்து போய் நோட்டை எடுத்துவந்து அவள் முன்னால் விரித்தார். "வரி கட்டினா பேரு இருக்கும். அம்புட்டுதான் சட்டம். ஒரு வருசம் பாக்கி கிடையாது, நீயே பாரு."

அவள் பார்த்தாள். எல்லா வருடமும் முத்துராமலிங்கம் என்ற பெயருக்கு நேரே தொகை இருந்தது. பலவேசம் அண்ணன் மேல் இவ்வளவு பாசமா என்றுதான் முதலில் தோன்றியது. வெற்றிலைக்குக்கூட அடுத்தவன் பையைப் பார்க்கிற மனிதர் அவர்.

"நீங்களா தம்பி கட்டுதிய?"

"நான் எங்க கட்டுதேன்?" என்றார் பலவேசம். முகத்தில் ஒரு கோணல் இல்லை. "நீங்கதான் மைனி கட்டுதிய. வருசா வருசம் எங்கிட்ட ரூவா குடுக்கியள்லா, அததான் கட்டுதேன்."

ஒவ்வொரு ஆடிக்கும் சங்கரேஸ்வரி கொடுத்த பணம் அது. வீட்டில் ஆம்பளை இல்லை, சாமிக்குக் குறை வைக்கக்கூடாது என்று, சம்பளம் வந்த அன்றே தனியே எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து வைத்துக் கொடுத்த பணம்.

"நான் சாமிக்குக் காணிக்கைன்னுல்லா குடுத்தேன்?"

"சாமிக்குத்தான் போச்சு. யாரும் வீட்டுக்குக் கொண்டு போயிறல. சீட்டுல பேருன்னு ஒண்ணு எழுதணும்லா, ஒங்க பேரு எழுத வழி இல்ல. அண்ணன் பேரு அத்துப் போயிரப்பிடாதேன்னு அதுல எழுதுனேன். குடும்பத்து மானமும் பாக்கணும்லா மைனி."

அவர் திருடவில்லை. பங்குக் கறியை மட்டும் தன் வீட்டுச் சட்டியில் போட்டுக்கொண்டார். மற்றபடி நல்ல காரியம் செய்ததாகத்தான் இத்தனை வருடமும் நினைத்திருக்கிறார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. அதுதான் சங்கரேஸ்வரியை அடித்துப் போட்டது. விட்டுவிட்டுப் போனவனை இந்த ஊரில் ஒரு தலைக்கட்டாக நிறுத்தி வைத்திருந்தது வேறு யாருமில்லை, அவளுடைய சம்பளம்.

"அண்ணாச்சி," என்றாள். "கட்ட வேண்டாத வரியக் கட்டிட்டேன்னு கவருமெண்டு எனக்கு ரூவாய வட்டியோட திருப்பிப் போட்டிருக்கு. நம்ம கோயில்ல அப்படி ஏதும் உண்டா?"

சங்கிலிப்பாண்டி அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார். "சாமிகிட்ட போனது திரும்பி வருமா தாயி?"

அவர் நல்ல மனிதர்தான். வாசல்வரை வந்து, "மனசுல வச்சுக்கிடாத. ஆம்பளப் பிள்ள ஒண்ணு இருந்தா அவன் பேருல மாத்திரலாம். ஒனக்கு அதும் இல்ல" என்று ஆறுதலும் சொன்னார். புருஷன் செத்தால் அரை ஆள், மகன் இருந்தால் அவன் பெயரில் ஒரு ஆள். இரண்டும் இல்லாததால் தான் எதுவுமே இல்லை என்று சங்கரேஸ்வரி நடந்துகொண்டே கணக்குப் போட்டாள்.

இலத்தூர் விலக்கில் பஸ்ஸுக்கு நின்றபோது சாரல் விழுந்தது. குடையை விரிக்கத் தெம்பில்லை. யாராவது அடித்திருந்தால் திருப்பி அடிக்கலாம், திட்டியிருந்தால் திட்டலாம். எல்லோரும் மைனி, தாயி என்றல்லவா பேசுகிறார்கள்? தன் மேல்தான் கோபம் வந்தது. படிக்காமல் கையெழுத்துப் போட்ட காகிதம் ஒன்று, கேட்காமல் முடிந்து கொடுத்த துணி ஒன்று. காலில் நரம்பு விண்விண் என்று தெறித்தது. மைல்கல் மேல் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி, தண்ணீரை வடித்துவிட்டு, போலீஸ் உடுப்போடு கொஞ்ச நேரம் அழுதாள். பஸ் வந்ததும் ஏறிக்கொண்டாள்.

ராத்திரி மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். முத்துலட்சுமி கேட்டுவிட்டு, கோயிலைப் பற்றியும் பேசவில்லை, அப்பனைப் பற்றியும் பேசவில்லை. வெந்நீரில் துணியை நனைத்து அம்மாவின் காலில் சுற்றினாள்.

"டாக்டருகிட்ட என்னைக்குன்னு கேக்கட்டுமாம்மா?"

"கேளுட்டி" என்றாள் சங்கரேஸ்வரி.

அது ஒரு பெரிய தீர்மானம் என்று சொல்ல முடியாது. தூக்க முடியாத சுமையைக் கை தானாகவே விடுமே, அப்படித்தான் விட்டாள்.

இரண்டு நாள் கழித்துப் பலவேசம் வந்தார். இந்த வருடம் பதினைந்தாயிரம் என்று ஞாபகப்படுத்தினார்.

"எங்கிட்ட இருந்து கிடையாது தம்பி."

"அப்ப அண்ணன் பேரு?"

"ஒங்க கூடப் பொறந்தவுகதான? நீங்க கட்டுங்க. குடும்பத்து மானம்லா."

பலவேசம் தம்ளரைக் கீழே வைத்தார். பதினைந்தாயிரம் மானத்துக்குக் கொஞ்சம் அதிகம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கொடைக்கு முந்தின திங்கட்கிழமை, ஆளில்லாத நேரமாகப் பார்த்துச் சங்கரேஸ்வரி மாடன் கோயிலுக்குப் போனாள். பீடத்துக்கு எண்ணெய் ஊற்றி, மாலை போட்டு, ஒரு சீப்புப் பழத்தை வைத்தாள். சாமிக்குக் குறை வைத்துவிட்டோமோ என்று பயம் இருக்கத்தான் செய்தது. "ஒமக்கு என்னால முடிஞ்சத நேரா செய்யுதேன். அவுக பேருல இனி முடியாது" என்றாள். மாடன் வரிச்சீட்டு எதுவும் கேட்கவில்லை. வரும்போது ஒரு பழத்தைப் பிய்த்துத் தின்றுகொண்டே வந்தாள்.

புதன்கிழமை காலுக்கு லேசர் வைத்தார்கள். மெடிக்கல் லீவு வாங்குவதற்குள் பட்ட பாடு வேறு கதை. சீசனில் ஏட்டுக்குக் கால் வலிக்கலாமா? வியாழக்கிழமை வீட்டுக்கு வந்து, இரண்டு காலிலும் தொடை வரை இறுக்கமான உறை மாட்டி, இரண்டு தலையணையை அடுக்கி அதன்மேல் காலைத் தூக்கி வைத்துப் படுத்தாள். இருபத்தாறு வருடத்தில் ஆடி மாதம் அவள் படுத்திருந்தது அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை கொடை. இப்போதெல்லாம் பையன்கள் கொடையைப் போனிலேயே நேரலையாகப் போடுகிறார்கள். முத்துலட்சுமி அடுப்படியில் ரசம் வைத்துக்கொண்டிருக்க, சங்கரேஸ்வரி படுத்தவாக்கில் போனைப் பார்த்தாள். மைக்கில் பெயர் வாசித்தார்கள். பலவேசம் பெயர் வந்தது. அவர் துண்டை விரித்தார். அடுத்த பெயருக்கு அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வேறு யார் பெயரோ வந்தது. அதற்கடுத்தும் வேறு பெயர்கள்தான். அவள் பெயரும் இல்லை, அவன் பெயரும் இல்லை. சந்தோஷப்படுவோம் என்று நினைத்திருந்தாள். ஒரு வீட்டில் விளக்கு அணைந்துபோன மாதிரி இருந்தது, அவ்வளவுதான். போனை வைத்துவிட்டுக் கண்ணை மூடினாள்.

அரை மணி நேரம் கழித்துப் போன் அடித்தது. தெரியாத நம்பர். எடுத்ததும் அந்தப் பக்கம் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. அந்தச் செருமலை அவளுக்குத் தெரியும்.

"நான்தான்" என்றான் முத்துராமலிங்கம்.

பதினொரு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த பேச்செல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. "என்ன?" என்று மட்டும் கேட்டாள்.

"கொடை வீடியோ பாத்தேன். என் பேர வாசிக்கல."

"வரி கட்டல."

"பலவேசம்லா கட்டுவான்?"

"அவரு ஒரு வருசமும் கட்டல. இத்தன வருசமும் நான்தான் கட்டியிருக்கேன். இந்த வருசம் ரூவா என் காலுக்குச் செலவாயிட்டு."

அடுப்படியில் முத்துலட்சுமி ரசத்துக்குத் தாளித்தாள். கடுகு வெடிக்கிற சத்தம் போனிலும் கேட்டிருக்கும். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று இப்போது கேட்பான் என்று சங்கரேஸ்வரி காத்திருந்தாள். காலுக்கு என்ன என்றாவது கேட்பான் என்று பார்த்தாள். இவ்வளவுக்குப் பிறகும் காத்திருக்கிறோமே என்று அவளுக்கே தன்னைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"அப்ப," என்றான் அவன், மறுபடியும் செருமிக்கொண்டு, "அடுத்த வருசமாவது கட்டிருவியா?"

அவள் போனைக் காதிலிருந்து எடுத்து, கவிழ்த்துப் பாயில் வைத்தாள். அது இன்னும் பேசிக்கொண்டிருந்தது. தலையணை நழுவியிருந்தது. அதைச் சரிசெய்து, காலை மறுபடியும் மேலே தூக்கி வைத்துக்கொண்டாள்.

"யாரும்மா போன்ல?" என்று அடுப்படியிலிருந்து முத்துலட்சுமி கேட்டாள்.

"யாரும் இல்லட்டி" என்றாள் சங்கரேஸ்வரி. "வரி கேக்காவ."